எதனால் போயிற்று வேலை?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினோய் மாநிலத்திலே கேல்ஸ்பர்க் என்றொரு நகரம் உண்டு. புகையிரதப் பாதைகள் கூடும் இடத்தில் வளர்ந்த ஊர் அது. கவிஞர் கார்ல் சான்ட்பர்க் 1878ஆம் ஆண்டிற் பிறந்ததும் அங்கேதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரின் சனத்தொகை ஏறத்தாழ 33,000. மேடாக் என்னும் கம்பனிக்கு உரிய பெருந்தொழிற்சாலை ஒன்று அங்கே குளிர்சாதனப் பெட்டிகளைச் செய்துவந்தது. 2002ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அத்தொழிற்சாலை மூடப்படும் என்றும், அதன் வேலை மெக்சிக்கோவின் எல்லை நகரமாகிய ரெய்னோசாவுக்குச் செல்லும் என்றும் கம்பனி அறிவித்தது. 2004 செப்டெம்பரிலே கடைசிப் பெட்டி செய்து முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,600 பேர் வேலையிழந்தனர். மணிக்குப் பதினைந்து டொலர் அளவிற் கூலி பெற்றவர்கள் அவர்கள். அவ்வாண்டு யூலையில், இல்லினோய் மாநிலத்திலிருந்து செனட் சபைக்குப் போட்டியிட்ட பராக் ஒபாமா தம் கட்சியின் மாநாட்டில் ஆற்றிய உரையிலே இத்தொழிலாளரை நினைவுகூர்ந்தார். மணிக்கு ஏழு டொலர் தரும் வேலைக்காகத் தம் சொந்தப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டிய நிலைக்கு அவர்கள் வந்துவிட்டனர் என்பது அவர் சொன்ன செய்தி.

இவ்வாறு உற்பத்தி எல்லை கடந்து போவதனால் வேலையிழப்போருக்கென்றே அமெரிக்காவிலே ஒரு சட்டம் இருந்தது. வர்த்தக இசைவாக்க உதவி என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 1962இற் பிறந்து, 2022இல் முடிவெய்திய அச்சட்டத்தின் வரலாறு, அரசாங்கம் ஒன்று தன் தொழிலாளருக்குக் கொடுத்த வாக்கின் வரலாறு ஆகும். வேலையில்லாதவனுக்கு உதவி வேண்டும் என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். இச்சட்டமோ, உதவி கேட்டு வந்தவனிடம் அவன் தேவை யாது என்பதற்கு முன்னர், அவன் வேலை எதனாற் போயிற்று என்றே வினாவியது. அறுபது ஆண்டுகளாக அதன் நன்மையும் குறையும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே அமைந்தன.

உதவி என்ற எண்ணம் முதலில் எழுந்தது ஒரு தொழிற்சங்கத்தவரிடமிருந்து. ஐசனோவர் ஜனாதிபதியாயிருந்த காலத்தில் வெளிநாட்டுப் பொருளாதாரக் கொள்கையை ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட் அதன் அங்கத்தவருள் ஒருவர். தீர்வைகளைக் குறைப்பதாயின், அதனால் வேலையிழப்போரைத் தாங்குதற்கும் வழி செய்க என்று அவர் 1954இற் கேட்டார். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. அக்காலத்தில் இளம் செனட்டராயிருந்த ஜோன் கெனடி அக்கருத்தைத் தமதாக்கி ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறவில்லை. எனினும் கெனடி அதனை மறந்தவரல்லர். ஜனாதிபதியான பின்பு, 1962 ஒக்டோபர் 11ஆந் திகதி அவர் கையொப்பமிட்ட வர்த்தக விரிவுச் சட்டத்திலே அந்த ஏற்பாடு இடம்பெற்றது.

அதற்கு அவர் காட்டிய நியாயம் தெளிவானது. தீர்வை குறைந்தால் நாடெங்கும் பொருள் மலியும், ஏற்றுமதியும் பெருகும். நன்மை கோடிக்கணக்கானோருக்குச் சிறிது சிறிதாகப் பகிரப்படும். நட்டமோ குறித்த சில ஊர்களிலே, குறித்த சில வீடுகளிலே முழுப் பாரத்தோடு விழும். நாடு முழுவதன் நன்மைக்காக எடுத்த முடிவின் சுமையைச் சிலரே சுமத்தல் முறையன்று; ஆதலின் அதில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றல் வேண்டும். வேலையிழந்தவருக்கு அவருடைய முந்தைய சராசரிக் கூலியில் நூற்றுக்கு 65 பங்கு வரை, ஓராண்டு காலத்துக்கு, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டுக் கொடுப்பது என்றும், புதுத்தொழில் கற்பிப்பது என்றும், வேறூருக்குக் குடிபெயரச் செலவளிப்பது என்றும் சட்டம் கூறிற்று. தொழிற்சங்கங்களின் பெருங்கூட்டமைப்பு அவ்வாக்கை நம்பியே தீர்வைக் குறைப்புக்கு ஆதரவளித்தது.

ஆயின், சட்டத்தின் வாசலிலே இரண்டு பூட்டுகள் இருந்தன. தீர்வைச் சலுகையே இறக்குமதி பெருகியதற்குப் பெருங்காரணம் என்று முதலில் நிறுவ வேண்டும். அவ்வாறு பெருகிய இறக்குமதியே வேலை போனதற்குப் பெருங்காரணம் என்று அடுத்து நிறுவ வேண்டும். சப்பாத்துத் தைப்பவனோ, கண்ணாடி வார்ப்பவனோ இதனை எங்ஙனம் நிறுவுவான்? ஒரு தொழிற்சாலை மூடப்படுவதற்குப் பழைய யந்திரம், புது நாகரிகம், நிர்வாகத்தின் தவறு, அயல்நாட்டுச் சரக்கு எனப் பல காரணங்கள் ஒருங்கே கூடுவது இயல்பு. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து அதுவே பெரிது என்று காட்டுவது பொருளியல் அறிஞருக்கும் அரிது. பலன் என்னவாயிற்று? 1962 முதல் 1969 வரை ஏழாண்டுக் காலத்தில், விண்ணப்பித்த தொழிலாளர் குழுக்களுள் ஒன்றுக்கேனும் உதவி கிடைக்கவில்லை. வந்த மனுக்கள் எல்லாம் தள்ளப்பட்டன. 1962இல் ஆதரித்த தொழிற்சங்கத் தலைவர் ஜோர்ஜ் மீனி, பின்னாளில் இதனைச் சவ அடக்கத்துக்கான காப்புறுதி என்று இகழ்ந்தார். வெறுப்பிற் பிறந்த சொல்லாயினும், ஏழாண்டு காத்திருந்தவர் தரப்பிலிருந்து பார்ப்போருக்கு அது மிகையாகத் தோன்றாது.

1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டம், 1975 சனவரியிற் கையொப்பமாகி, முதற் பூட்டை முற்றாக அகற்றியது, இரண்டாவதைத் தளர்த்தியது. தீர்வைச் சலுகையோடு தொடர்பு காட்ட வேண்டியதில்லை. வேலையிழப்புக்கு இறக்குமதியும் முக்கியமான ஒரு காரணமாயிருந்தாற் போதும் என்றாயிற்று. விசாரிக்கும் பொறுப்பும் தொழிற் திணைக்களத்துக்கு மாறியது. தொழிற்சங்கம் இல்லாத இடத்திலும் தொழிலாளர் மூவர் கூடி ஒரு மனுவில் ஒப்பமிட்டால், திணைக்களம் விசாரணை தொடங்கியே தீரவேண்டும். அம்மனு ஏற்கப்பட்டால் பயன் அம்மூவருக்கு மட்டும் உரியதன்று. அத்தொழிற்சாலையில் அக்காலப் பகுதியில் வேலையிழந்த அனைவருக்கும் உரியது. அமெரிக்கச் சட்டங்களுள் ஏழைத் தொழிலாளிக்கு இவ்வளவு எளிய வாசல் திறந்துவிட்டவை மிகச் சிலவே எனலாம்.

வாசல் திறந்ததும் கூட்டம் பெருகியது. 1979இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்க மக்கள் யப்பானியச் சிறு மோட்டார் வண்டிகளை நாடினர். டெற்றொயிற் நகரத்துத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானோரை நிறுத்தின. 1980ஆம் நிதியாண்டில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உதவி பெற்றனர். செலவு ஏறத்தாழ 160 கோடி டொலர். அவர்களுட் பலர் சில மாதங்களில் பழைய தொழிற்சாலைக்கே திரும்பிவிட்டனர் என்ற உண்மையும் வெளிவந்தது. 1981இல் ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் செலவைக் குறைக்க முற்பட்டபோது முதலில் வெட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. அதுவரை முந்தைய கூலியில் நூற்றுக்கு 70 பங்கு வரை கிடைத்துவந்த உதவி, பொதுவான வேலையின்மைக் காப்புறுதிப் பணத்தின் அளவுக்கு இறக்கப்பட்டது. அக்காப்புறுதிப் பணம் தீர்ந்த பின்னரே அது தொடங்கும் என்றும் விதிக்கப்பட்டது. நாட்டின் நன்மைக்காக நட்டமடைந்தவனுக்குக் கொடுக்கும் ஈடு என்று பிறந்தது, இருபதாண்டு நிறையுமுன் மற்றுமொரு நிவாரணப் பணமாகி நின்றது.

இவ்வளவு காலமும் சட்டத்தின் கண் இறக்குமதியின் மேலேயே இருந்தது என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். தொழிற்சாலையே எழுந்து வேற்று நாட்டுக்குப் போய்விடுமாயின், அதற்குத் தனிவிதி கிடையாது. 1994ஆம் ஆண்டு முதலாந் திகதி கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளுக்கிடையில் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான், உற்பத்தி மெக்சிக்கோவுக்கோ கனடாவுக்கோ சென்றதால் வேலையிழந்தவருக்கென ஒரு தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அதிலும் ஒரு விந்தை உண்டு. மெக்சிக்கோவுக்குச் சென்ற தொழிற்சாலையின் தொழிலாளி, அது சென்றதைக் காட்டினாற் போதும். வேறு நாட்டுக்குச் சென்ற தொழிற்சாலையின் தொழிலாளியோ பழைய முறைப்படி இறக்குமதி உயர்ந்ததைக் காட்ட வேண்டும். இருவர் வீட்டிலும் அடுப்பு அணைந்தது ஒரே வகையில்தான்.

இப்புது ஏற்பாட்டின் தகைமையை அறிய விரும்புவோர் டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரத்தை நோக்க வேண்டும். ஆற்றின் இக்கரையில் எல் பாசோ. அக்கரையில் மெக்சிக்கோவின் ஹுவாரஸ் நகரம். ஜீன்ஸ் என்னும் முரட்டுத்துணிக் காற்சட்டை தைக்கும் தொழிலில் எல் பாசோ ஒரு காலத்தில் மிகப் பெயர்பெற்றிருந்தது. தைத்தவருட் பெரும்பாலோர் மெக்சிக்கோ வமிசத்துப் பெண்கள், நடுவயதினர், பத்தும் இருபதும் ஆண்டுகள் ஒரே யந்திரத்தின் முன் அமர்ந்து, ஒருத்தி பைகளையும், மற்றொருத்தி இடுப்புப் பட்டியையும் மட்டுமே தைத்துத் தேர்ந்தவர்கள். பலருக்குப் பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றிருந்தது. தொழிற்சாலையிற் பேச்சு ஸ்பானிய மொழியில் நடந்தமையால் ஆங்கிலம் தேவைப்படவுமில்லை. ஒப்பந்தத்தின் பின் அத்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடின. ஆயிரக்கணக்கான பெண்கள் உதவிக்குத் தகுதி பெற்றனர்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பயிற்சியிற் சேர்ந்தாலன்றிப் பணம் இல்லை என்பது விதி. சேர்ந்தனர். ஆனால் எந்தத் தொழிலைக் கற்பதாயினும் முதலில் ஆங்கிலம் வேண்டும். பின்பு பள்ளிப் படிப்புக்கு ஒப்பான தகுதிப் பரீட்சை. அதன் பின்னரே தொழில். ஐம்பது வயதுப் பெண் இவை மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க எத்தனை ஆண்டு செல்லும்? சட்டம் பயிற்சிக்கு அனுமதித்த காலம் 104 வாரம். வாழ்க்கைச் செலவுக்கான பணமோ, வேலையின்மைக் காப்புறுதியும் சேர்ந்து, 78 வாரத்தோடு நின்றுவிடும். எஞ்சிய 26 வாரமும் வகுப்புக்குப் போகலாம். உண்பதற்கு வழிதான் இல்லை. பலர் ஆங்கிலத்தைத் தாண்டுமுன்னரே காலம் முடிந்தது. தாண்டியவருக்கும், ஒரே தொழிலை நம்பியிருந்த நகரத்திலே, கற்ற தொழிலுக்கு ஏற்ற இடம் எளிதிற் கிடைக்கவில்லை. தங்களுக்காக ஆக்கப்பட்ட சட்டத்தின் குறையை அப்பெண்களிற் சிலர் தெருவில் இறங்கி எடுத்துரைத்தனர். அவர்கள் பேச வேண்டி வந்திராவிட்டால் அக்குறை வாஷிங்டனில் எவர் கண்ணுக்கும் பட்டிராது.

ஆடைத்தொழில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று என்பதை இலங்கையரும் அறிவர். 1978இற் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் அமைந்தது முதல், இங்கே தைக்கப்பட்ட ஆடைகளுக்கு அமெரிக்கா ஒரு பெருஞ்சந்தையாயிற்று. எல் பாசோவிற் பூட்டப்பட்ட கதவும் சீதுவையிலும் கட்டுநாயக்காவிலும் திறக்கப்பட்ட கதவும் ஒரே வணிகத்தின் இரு பக்கங்கள். ஆதலின் அங்கே நடந்ததைத் தூரத்துச் செய்தியாக மட்டும் கேட்டு விடுதல் இயலாது.

2002 ஒகஸ்டில், எல் பாசோ கற்பித்த பாடம் ஓரளவு சட்டத்தில் ஏறியது. பணம் பெறும் காலம் பயிற்சிக் காலத்துக்கு இணையாக நீட்டப்பட்டது. அடிப்படைக் கல்வி தேவைப்படுவோருக்கு மேலும் 26 வாரம் சேர்க்கப்பட்டது. தனித்தனியாக நின்ற இரு ஏற்பாடுகளும் ஒன்றாயின. வைத்தியக் காப்புறுதிக் கட்டணத்தில் நூற்றுக்கு 65 பங்கை அரசாங்கம் ஏற்றது. அரசாங்க வைத்தியசாலையிற் பணமின்றிச் சிகிச்சை பெற்றுப் பழகிய இலங்கை நேயருக்கு இதன் அருமை உடனே விளங்காதிருக்கலாம். அமெரிக்காவிலே பெரும்பாலோருக்கு வைத்தியக் காப்புறுதி வேலையோடு வருவது. வேலை போனால் அதுவும் போகும். ஆனால் எஞ்சிய 35 பங்கையும் சம்பளமற்றவன் எங்கிருந்து கொடுப்பான்? ஆகையால் இவ்வுதவியைப் பயன்படுத்தினோர் சிலரே.

அதே சட்டத்தில் வந்த இன்னோர் ஏற்பாடு கூடுதலான கவனத்துக்குரியது. ஐம்பது வயதைத் தாண்டியவர் மீண்டும் மாணவராக அமர்வதிலும், கிடைத்த வேலையை ஏற்பதையே விரும்புவர். கூலி குறைந்ததாயினும் 26 வாரத்துக்குள் அவர் புதுவேலை ஏற்றால், பழைய கூலிக்கும் புதுக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்திற் பாதியை இரண்டாண்டுக்கு அரசாங்கம் கொடுக்கும்; உச்ச அளவு 10,000 டொலர். கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மணிக்குப் பதினைந்து டொலர் பெற்றவர் பத்து டொலர் வேலைக்குப் போகிறார் என்று கொள்க. வாரம் நாற்பது மணியாக ஆண்டுக்கு இழப்பு 10,400 டொலர். அதிற் பாதி 5,200, இரண்டாண்டில் 10,400. வரம்பு 10,000 ஆகையால் அவ்வளவும் அவர் கைக்கு வரும். மூன்றாம் ஆண்டிலே அவர் பத்து டொலர்க்காரராகவே நிற்பார் என்பதும் மெய்யே. எனினும் பாதி இழப்பையாவது அரசாங்கம் தன் இழப்பாகக் கருதிற்று. கெனடி சொன்ன நியாயத்துக்கு, இச்சட்டத்தின் பல பகுதிகளுள் இதுவே மிக அண்மையில் நிற்பது. வயதெல்லையின் இருபுறத்தாரையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வொன்றும், இவ்வுதவிக்கு உரியவர் விரைவில் வேலை பெற்றனர் எனக் கண்டது.

கேல்ஸ்பர்க் தொழிலாளர் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தகுதி பெற்றோர். அவ்வூரிலே கவிஞர் சான்ட்பர்க்கின் பெயரால் ஒரு கல்லூரி உண்டு. வேலையிழந்தோர் அங்கே தாதியர் தொழில் முதலியன கற்கச் சென்றனர். ஆனால் விதியில் ஒரு கண்ணி இருந்தது. தகுதி கிடைத்த எட்டு வாரத்துக்குள், அல்லது வேலை நின்ற பதினாறு வாரத்துக்குள், இவ்விரண்டில் எது பின்னையதோ அதற்குள் பயிற்சியிற் பதிந்துகொள்ளாதவர், விதிவிலக்கு ஒன்று பெற்றாலன்றி உதவிப் பணத்தை இழப்பர். முப்பதாண்டு ஒரே வாயிலாற் போய்வந்தவன், பதினாறு வாரத்துக்குள் தன் எஞ்சிய வாழ்நாளுக்குரிய தொழிலைத் தேர்ந்துவிட வேண்டும்! நாடு முழுவதற்கும் பயிற்சிக்கு ஒதுக்கிய பணமும் ஆண்டுக்கு 22 கோடி டொலர் என்று வரம்பிடப்பட்டிருந்தது. நிதி தீர்ந்த மாநிலத்திற் பிறந்தவன் காத்திருப்பான்.

வினா மேலும் மேலும் நுணுகியது. பொருள் செய்வோருக்கே சட்டம் என்றிருந்தமையால், கம்பியூட்டருக்குரிய நிரல்கள் எழுதுவோரின் வேலை வெளிநாட்டுக்குச் சென்றபோது, தட்டிலோ நாடாவிலோ பதியப்படாத நிரல் ஒரு பொருளாகுமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. திணைக்களம் 2006இல்தான் தன் கொள்கையை மாற்றியது. சேவைத் தொழிலாளர் முற்றாகச் சட்டத்துள் வந்ததும், எந்நாட்டுக்கு உற்பத்தி சென்றாலும் ஒன்றே என்றானதும் 2009இலே. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் 1 கோடி 70 இலட்சத்துக்கு மேலிருந்த அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள், 2010இல் 1 கோடி 15 இலட்சம் அளவுக்கு இறங்கியிருந்தன. இறக்குமதி மட்டுமே இதற்குக் காரணம் என்பது பொருந்தாது. யந்திரங்களும் ஒரு காரணம், 2008இன் பொருளாதார வீழ்ச்சியும் ஒரு காரணம். அவற்றால் வேலையிழந்தவருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை.

உதவி பயன் தந்ததா என்று கேட்போருக்கு இரு விடைகள் உள்ளன. 2012இல் வெளியான அரசாங்க மதிப்பீடு, பயிற்சி பெற்றோர் நான்காண்டின் பின்னும் ஏனையோரை விடக் குறைவாகவே சம்பாதித்தனர் என்றது. பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமன் 2018இல் வேறொரு வழியால் ஆராய்ந்தார். மனுக்களை விசாரிக்கும் உத்தியோகத்தருள் சிலர் இளகிய மனத்தினர், சிலர் கண்டிப்பானவர். ஏறக்குறைய ஒரே தன்மையான மனு, எவர் மேசைக்குச் சென்றது என்பதைப் பொறுத்து ஏற்கப்பட்டதும் தள்ளப்பட்டதும் உண்டு. அவ்விரு சாராரையும் ஒப்பிட்டபோது, ஏற்கப்பட்டோர் பத்தாண்டில் மொத்தமாக ஏறத்தாழ 50,000 டொலர் அதிகம் ஈட்டினர் எனவும், ஆண்டுதோறும் அந்த நன்மை குறைந்து இறுதியில் மறைந்தது எனவும் கண்டார். நன்மை உண்டு என்பது ஆறுதலே. ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வை உத்தியோகத்தர் ஒருவரின் சுபாவம் தீர்மானித்தது என்பதை என்னென்பது?

ஓட்டர், டோர்ன், ஹான்சன் என்னும் மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. சீன இறக்குமதியால் தாக்குண்ட மாவட்டங்களில், இச்சட்டத்தின் வழிச் சென்ற பணத்தினும் பன்மடங்கு, உடல் இயலாதோர் உதவி வழியாகச் சென்றிருந்தது. வேலை எதனாற் போயிற்று என்று நிறுவ முடியாதவர், உடல் இயலாமையை நிறுவி உதவி பெறும் வழியை நாடினர் போலும்.

2015 யூனிலே ஒரு விசித்திரம் நடந்தது. புதிய வர்த்தக ஒப்பந்தங்களை விரைந்து நிறைவேற்ற ஜனாதிபதி ஒபாமாவுக்கு அதிகாரமளிக்கும் சட்டமூலத்தோடு இவ்வுதவியைப் புதுப்பிக்கும் பகுதியும் இணைக்கப்பட்டிருந்தது. அவ்வதிகாரத்தைத் தடுக்க விரும்பிய அவர் கட்சியினரே, அதன்பொருட்டு உதவிப் பகுதியைத் தோற்கடிக்க வாக்களித்தனர். 302 எதிர், 126 சார்பு. தொழிலாளரின் நண்பர்களே தொழிலாளரின் உதவியை வீழ்த்தினர். இரண்டு வாரத்தின் பின் அது வேறு வழியாய் நிறைவேறி, மேலும் சில ஆண்டு உயிர்பெற்றது. 2022இல் அவ்வாறு உயிர்கொடுக்க எவரும் முன்வந்து வெல்லவில்லை. புது ஒப்பந்த அதிகாரம் இன்றி உதவி இல்லை என்றது ஒரு கட்சி. முதலில் உதவி என்றது மற்றது. குறைகடத்தித் தொழிலுக்குப் பெருந்தொகை வழங்கிய சட்டத்தோடு இதனையும் சேர்க்கும் முயற்சியும் கைவிடப்பட்டது.

2022 யூலை 1ஆந் திகதி சட்டத்தின் காலம் முடிந்தது. முன்னரே தகுதி பெற்றிருந்தோருக்குரிய உதவி தொடர்ந்தது. புதிய மனுக்களை ஏற்பதற்கும், ஏற்றவற்றின் மேல் முடிவு சொல்வதற்கும் அதிகாரம் இல்லை என்று தொழிற் திணைக்களம் அறிவித்தது. அன்று விசாரணையிலிருந்த மனுக்கள், ஒவ்வொன்றும் ஒரு தொழிற்சாலை வாயிலிலிருந்து புறப்பட்டு வந்தவை, ஏற்பும் மறுப்பும் இன்றி அப்படியே நிறுத்தப்பட்டன.